ஆறு எழுத்தா, பத்து எழுத்தா?

"திருமழபாடி என்னும் சொல்லில் எத்தனை எழுத்து?" என்று ஒன்றாம் வகுப்புக் குழந்தையைக் கேளுங்கள். தி, ரு, ம, ழ, பா, டி என விரல் மடக்கி, "ஆறு" என்று சொல்லிவிடும். அதே கேள்வியை ஆய்வுக்கூடத்துக் கணிப்பொறியிடம் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் கேட்டேன். "பத்து" என்றது! எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தலைகீழாக அடுக்கச் சொன்னேன். "டிபாழமருதி" என்று வர வேண்டியது, முன்னே ஓர் இகரக் குறி தனியே தொங்க, "டாபழமுரித" என்று வந்து நின்றது. பக்கத்திலிருந்த நண்பர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆயினும், கொள்ளிடக் கரையில் பிறந்தவனுக்குத் தன் ஊர்ப் பெயர் கை வேறு கால் வேறாகக் கிடப்பதைக் கண்டால் உள்ளம் நோகாதா?

காரணம் எளியது. யூனிக்கோடு முறையில் 'தி' என்பது ஒரே குறியன்று. தகரம் ஒன்று, இகரக் குறி ஒன்று என இரண்டு. கணிப்பொறி எண்ணியது குறிகளை. குழந்தை எண்ணியது எழுத்துகளை. ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி இடம் தரும் டேஸ் 16 முறையைத் தமிழக அரசு 2010இல் யூனிக்கோடுடன் சேர்த்து ஏற்றது உண்மையே. ஆனால் உலகத்து வலைப்பக்கங்கள் யூனிக்கோட்டிலேயே ஓடுகின்றன. அது மாறும் வரை கைகட்டி நிற்பதா? வேண்டியதில்லை என்பதே என் கருத்து. அந்த மொழிக்குள்ளேயே நமக்கு ஒரு வாயில் திறந்திருக்கிறது. அதன் பெயர்தான் உள்ளமை சின்னங்கள்.

ஜாவாஸ்கிரிப்ட் 1995இல் பிறந்தது. 2015ஆம் ஆண்டுத் தரத்தில்தான் 'சிம்பல்' என்னும் புதிய வகை அதில் சேர்ந்தது. அதனுடன் 11 உள்ளமை சின்னங்களும் வந்தன. பின்னர் 2018இல் ஒன்றும் 2020இல் ஒன்றும் கூடின. ஒரு பொருள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை நாமே வகுத்துச் சொல்வதற்கு மொழி விட்டுவைத்த இடங்கள் இவை.

"அதற்குச் சின்னம் எதற்கு? ஒரு பெயர் போதாதா?" என்று கேட்கலாம். எங்கள் ஊர் இறைவன் வைத்தியநாதர். ஆகவே தெருவில் நின்று "வைத்தியநாதா!" என்று கூப்பிட்டால் நான்கு பேர் திரும்புவார்கள். நிரலிலும் அப்படித்தான். அணிகளுக்கு 'வேல்யூஸ்' என்று ஒரு செயலைப் புதிதாகச் சேர்க்க முயன்றபோது, அதே பெயரை ஏற்கெனவே ஆண்டுகொண்டிருந்த பழைய வலைப்பக்கங்கள் சில பழுதுபட்டன. அந்தத் தொல்லையைத் தீர்க்கவே 'அன்ஸ்கோப்பபிள்ஸ்' என்னும் சின்னம் தோன்றியது. பெயர் மோதும், சின்னம் மோதாது. ஒரு சின்னம் மற்றொன்றுக்கு ஒருபோதும் சமமாகாது.

இனி என் ஊர்ப் பெயருக்கு வருகிறேன். 'சிம்பல்.இட்டரேட்டர்' என்பது, "உன்னுள் இருப்பவற்றை ஒவ்வொன்றாக எப்படி எடுத்துத் தருவாய்?" என்று ஒரு பொருளைக் கேட்கும் சின்னம். சாதாரணச் சரம் தன் குறிகளை ஒவ்வொன்றாகத் தரும். நான் 'தமிழ்ச்சொல்' என்று ஒரு வகுப்பு எழுதி, அந்தச் சின்னத்தின்கீழ் என் செயற்கூறு ஒன்றை வைத்தேன். 'இன்டல்.செக்மென்ட்டர்' என்னும் கருவியைக் கொண்டு, குறிகளை அன்றி முழு எழுத்துகளை அது எடுத்துத் தந்தது. விடை ஆறு! திருப்பினால் "டிபாழமருதி". 'சிம்பல்.டு-பிரிமிட்டிவ்' என்னும் சின்னத்தையும் சேர்த்தேன். எண் வேண்டும் இடத்தில் என் பொருள் எழுத்துத் தொகையைச் சொல்கிறது. சரம் வேண்டும் இடத்தில் சொல்லையே தருகிறது.

"எழுத்தை எண்ண ஒரு தனிச் செயற்கூறு எழுதினால் போதுமே" என்றார் நண்பர் ஒருவர். போதும்தான். ஆனால் அதன் பெயரை அறிந்தவரே அதைப் பயன்படுத்த முடியும். சின்னத்தின் வழியே சென்றால், மொழியில் முன்பே உள்ள ஃபார்-ஆஃப் சுழலும், மூன்று புள்ளி விரிப்பும், அர்ரே.ஃப்ரம்-உம் நம் எழுத்து முறையைத் தாமாகவே ஏற்று நடக்கின்றன. நாம் மொழிக்குப் பணிந்து போகவில்லை; மொழி நமக்கு இசைந்து வருகிறது. இது சிறிய வேறுபாடா?

ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஆர்வ மிகுதியால், எல்லாச் சரங்களுக்கும் பொதுவாக உள்ள மூலத்திலேயே கை வைத்து இந்தச் சின்னத்தை மாற்றிவிடக் கூடாது. அது ஊர்ப் பொதுக் கிணற்றில் தன் வீட்டு மருந்தைக் கலப்பது போலாகும். அடுத்தவர் நிரல் கெடும். நம் வகுப்பில், நம் பொருளில் மாற்றுவோம். உரிமையோடு ஒழுங்கையும் இந்தச் சின்னங்கள் கற்பிக்கின்றன.

சின்னங்களின் பெயரை மனப்பாடம் செய்தால் மதிப்பெண் வரலாம். நம் எழுத்து வராது. ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கு என் பணிவான வேண்டுகோள்: ஆய்வுக்கூடப் பயிற்சிகளில் ஆங்கிலச் சொற்களோடு தமிழ்ச் சொற்களையும் தாருங்கள். எங்கே பிழை வருகிறதோ அங்கேதான் பாடம் தொடங்குகிறது. நண்பர்களே, உங்கள் ஊர்ப் பெயரையும் இன்றே கணிப்பொறியிடம் கொடுத்துப் பாருங்கள். தவறாக எண்ணினால் சிரித்துவிட்டுப் போகாதீர்கள், திருத்துங்கள்.

வரும் பங்குனியில் நந்தி கல்யாணத்துக்கு எங்கள் ஊருக்கு வாருங்கள். கோயிலில் திருமணம் கண்ட பின் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்வோம். திருமழபாடிக்கு எத்தனை எழுத்து என்று என் கணிப்பொறியை அங்கே கேளுங்கள். ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் விடையையே அதுவும் சொல்லும்.