கால்நடையாக

சென்ற ஆண்டு தவக்காலத்தில் ஒரு நாள், நம் பங்கைச் சேர்ந்த முதியவர் ஒருவரை அடக்கம் செய்யச் சென்றோம். கோவிலிலிருந்து கல்லறைத் தோட்டம் ஒரு கிலோ மீட்டர் தூரங்கூட இராது. பாதி வழியிலேயே நமக்கு மூச்சு வாங்கியது. செபத்தை இடையில் நிறுத்தினோம். சிலுவை தாங்கி முன்னே சென்ற சிறுவன் திரும்பிப் பார்த்தான். பெட்டியைச் சுமந்தவர்களும் நின்றார்கள். அப்போது இளைஞன் ஒருவன் மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தி, "சாமி, ஏறிக்கோங்க" என்றான். நாமும் ஏறிக்கொண்டோம். கல்லறைத் தோட்டத்து மதிற்சுவரின்மேல் அமர்ந்து, இறந்தவர் நம்மை நோக்கி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஊரார் எவரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மனம் சற்று ஆறியிருக்கும்.

அடுத்த வாரம் நகரத்து மருத்துவரிடம் சென்றோம். எடை தொண்ணூற்றொரு கிலோ. வெறும் வயிற்றில் சர்க்கரை 188. இடுப்பளவு 108 சென்டி மீட்டர். நம் நாட்டு ஆடவர்க்கு அது 90-ஐத் தாண்டலாகாது என்றார் அவர். வெள்ளை அங்கியில் ஒரு வசதி உண்டு. அணிந்தவரின் வயிற்றை அவரிடமிருந்தே அது மறைத்துவிடும். மாத்திரை எழுதிக்கொடுத்துவிட்டு, "பாதர், மாத்திரை பாதி வேலையைத்தான் செய்யும். மீதியைக் கால்கள் செய்யவேண்டும்" என்றார். நடக்கும்போது தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தாமே எடுத்து எரிக்கின்றனவாம். இன்சுலின் சரிவர வேலை செய்யாதவர் உடலிலும் இது நடைபெறுகிறதாம்.

குருமடத்தில் நாம் படித்த நாளில் வியாழன்தோறும் நெடுந்தூரம் நடப்போம். மாலையில் கால்பந்தும் உண்டு. குருப்பட்டம் பெற்ற பின்னர் மோட்டார் சைக்கிள் வந்தது. சந்திக்கச் செல்லும் வீடுதோறும் காப்பியும், திருவிழாதோறும் பிரியாணியும் வந்தன. 1542-ஆம் ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார் அந்தக் கடற்கரை முழுவதும் கால்நடையாகவே சென்றார் என்று பிரசங்கம் செய்துவிட்டு, அடுத்த தெருவிலிருந்த வீட்டை மந்திரிக்க வண்டியில் சென்றவர் நாம்.

நடக்கத் தொடங்கிய முதல் வாரத்தில் மூன்று நாள் நடந்தோம். இரண்டாம் வாரம் ஒரு நாள். மூன்றாம் வாரத்தில் எழுத்து வேலை மிகுந்துவிட்டது. பிறரிடம் இத்தகைய சாக்குகளை ஒப்புரவுத் தொட்டியில் கேட்டுக் கேட்டுப் பழகியவர்க்குத் தமக்கென்று ஒன்றைக் கண்டுபிடிப்பது கடினமன்று.

அந்த நிலையில்தான் மணி வந்து சேர்ந்தது. திருப்பூருக்குப் பனியன் வேலைக்குக் குடிபெயர்ந்த குடும்பம் ஒன்று விட்டுச் சென்ற நாய் அது. சிப்பிப்பாறை என்னும் ஊரின் பெயரால் உலகறிந்த வேட்டை நாய் இனம் நம் கரிசல் வட்டாரத்துக்குரியது. மணிக்கும் அதற்கும் யாதொரு உறவும் இல்லை. செம்பட்டை நிறம், ஒரு காது மடங்கியது. குசினிக்காரர் பழைய சோறு போட்டார், அதுவும் தங்கிவிட்டது. நாய் வளர்ப்பதில் நமக்கு விருப்பமில்லை என்பதை அவரிடம் இருமுறை கூறினோம். ஒரு நாள் காலைப் பூசை முடித்து, மருத்துவருக்கு அஞ்சிச் சிறிது தூரம் நடந்தோம். மணியும் உடன் வந்தது. மறுநாள் ஆறேகாலுக்கு அறைவாசலில் நின்றது. அதற்கு மறுநாளும் நின்றது. மருத்துவரிடம் பொய் சொல்லலாம். ஆயரிடம்கூட வேலை மிகுதி என்று சொல்லிவிடலாம். வாலை ஆட்டிக்கொண்டு வாசலில் நிற்கும் ஒரு பிராணியிடம் என்ன சொல்வது?

வாசகர்களுள் நீரிழிவு உடையோர் பலர் இருப்பீர்கள் ஆதலால் கற்றுக்கொண்ட சிலவற்றை இங்கே கூறிவிடுகிறோம். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடங்கள், சற்று வேகமாக நடந்தால் போதும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட நெறி. நாள்தோறும் பத்தாயிரம் அடி வைத்தே ஆகவேண்டும் என்று நம் இளைஞர் கைப்பேசியைக் காட்டுகிறார்கள். அந்த எண் 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றின் பெயரிலிருந்து பரவியது. மருத்துவர் வகுத்த அளவன்று. நாம் அடிகளை எண்ணுவதில்லை. ஜெபமாலையே அளவு. கோவில் வாசலில் தொடங்கினால் ஐம்பத்துமூன்று மணி முடிகையில் கண்மாய்க் கரை வந்துவிடும். முன்பெல்லாம் அங்குச் செல்ல ஒன்றரை ஜெபமாலை ஆயிற்று.

இன்சுலின் போடுவோரும் சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை உண்போரும் சட்டைப்பையில் மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள். வியர்த்து, கை நடுங்கி, தலை சுற்றினால் உடனே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். கால் மரத்துப் போனவர்கள் செருப்பின்றி நடக்கவே வேண்டாம். முள் தைத்தது தெரியாமல் காலை இழந்தோர் உண்டு. நாய் உடன் வருமாயின், வெயில் ஏறுமுன் திரும்பிவிடுங்கள். நமக்குப் போல் அதற்கு உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாக்கை நீட்டி இளைத்தே சூட்டைத் தணித்துக்கொள்கிறது. தார்ச்சாலையில் புறங்கையை வைத்துப் பாருங்கள். உங்களுக்குப் பொறுக்காத சூடு அதன் பாதத்துக்கும் பொறாது. வெறிநாய்த் தடுப்பூசி தவறாமல் போடவேண்டும். எந்த நாய் கடித்தாலும் மஞ்சளோ சுண்ணாம்போ பூசாமல், பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்க. அந்நோய் முற்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது.

தோபித்து ஆகமத்தில் ஒரு நாய் வருகிறது. தோபியா வானதூதரோடு புறப்படும்போது உடன் செல்கிறது. வீடு திரும்பும்போதும் பின்னால் வருகிறது. அதற்குப் பெயரில்லை, அது செய்ததாக ஒரு செயலும் எழுதப்படவில்லை. அதை ஏன் எழுதினார் என்று குருமடத்தில் நாம் கேட்டதுண்டு. பேராசிரியர் சிரித்துவிட்டு அடுத்த அதிகாரத்துக்குப் போய்விட்டார்.

ஆடி மாதத்தில் ஒரு நாள், கண்மாயைத் தாண்டி வண்டிப்பாதையில் நடந்துகொண்டிருந்தோம். மணி பாதையை விட்டு விலகி, சீமைக்கருவேல மரங்களுக்கு அப்பால் தனித்திருந்த ஓட்டு வீட்டினுள் புகுந்துவிட்டது. கோழிகள் கத்தின. பின்தொடர்ந்து சென்றோம். முற்றத்தில் நின்றவர் நம் பங்கைச் சேர்ந்த விதவை ஒருவர். ஏறத்தாழ மூன்று ஆண்டுகளாகக் கோவிலுக்கு வராதவர். வேறு சபைக்குப் போய்விட்டதாக உபதேசியார் கூறியிருந்தார். நாமும் விசாரியாமல் நம்பியிருந்தோம். அவ்வழியே எத்தனையோ முறை மோட்டார் சைக்கிளில் கடந்திருக்கிறோம்.

"வாங்க சாமி" என்றார். கட்டிலை எடுத்து நிழலில் போட்டார். காப்பி போடட்டுமா என்று கேட்டுவிட்டு, நம் வியாதியை எங்கோ கேள்விப்பட்டிருந்தமையால், மோர் கொண்டுவந்தார். நாய்க்கு உடைந்த சட்டியில் நீர் வைத்தார். பிறகு, எவ்விதக் கோபமுமின்றிக் கேட்டார்: "கோவில்ல இருந்து நடந்தா வந்தீங்க?"

"ஆம் அம்மா."

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

முப்பத்தைந்து நிமிடம் என்றோம். அவர் தலையை அசைத்துக்கொண்டார். அப்போதுதான் நமக்கு நினைவு வந்தது.

ஐப்பசி மழைக்காலத்து இரவு அது. பத்து மணியளவில் ஒரு பையன் நனைந்துகொண்டே வந்து, தாத்தாவுக்கு மிகவும் முடியவில்லை, அவஸ்தை கொடுக்க வாருங்கள் என்றான். நாம் பக்கத்துப் பங்குத் திருவிழா விருந்திலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தோம். நனைந்த கரிசலில் வண்டி போகாது, சக்கரம் சிக்கிவிடும், விடிந்ததும் வருகிறோம் என்று சொல்லி அனுப்பினோம். சக்கரம் சிக்கும் என்பது உண்மைதான். நடந்து செல்லலாம் என்னும் எண்ணம் நமக்கு எழவே இல்லை. பொழுது விடியுமுன் அவர் இறந்துவிட்டார். அடக்கச் சடங்கை முறைப்படி நடத்திவைத்தோம், அத்துடன் மறந்தும்விட்டோம்.

"கடைசி வரைக்கும் சாமி வந்துட்டாரான்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு" என்றார் அந்த அம்மா. "வேற சபைக்கெல்லாம் நான் போகலை சாமி. வீட்டிலேயே வேண்டிக்கிறேன்."

மன்னிப்புக் கேட்டோம். எத்தனையோ பேருக்குப் பாவமன்னிப்பு வழங்கிய வாய்க்கு அந்தச் சொல் எளிதில் வரவில்லை. அவர் பதில் ஒன்றும் கூறாமல் மோர்ச் செம்பைக் கழுவச் சென்றார். ஐப்பசியில் அவர் கணவருக்காகப் பூசை வைக்கிறோம் என்றதற்கு, "வைங்க சாமி. ஆனா நான் வருவேன்னு எதிர்பார்க்காதீங்க" என்றார். அந்த நாளில் பூசை வைத்தோம். அவர் வரவில்லை, பேரன் வந்து கடைசி வரிசையில் நின்றான்.

இப்பொழுது நம் எடை எண்பத்துநான்கு. மருத்துவர் ஒரு மாத்திரையைக் குறைத்திருக்கிறார். கல்லறைத் தோட்டம்வரை நின்று இளைப்பாறாமல் செபம் சொல்லிச் செல்ல முடிகிறது. நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுசெல்வதும் பெரும்பாலும் நடந்துதான். அந்நேரங்களில் மட்டும் மணியைக் குசினிக்காரர் கட்டிவைக்கிறார்.

வாரத்தில் இரண்டு நாள் கண்மாயைத் தாண்டி நடக்கிறோம். சட்டியில் நீர் வைக்கப்பட்டிருக்கிறது. சில நாள் அந்த அம்மா பேசுகிறார். சில நாள் வேலையாயிருக்கிறார். சென்ற வியாழனன்று நம்மைத் தூரத்தில் கண்டதுமே வேலியருகில் வந்து நின்று, "சாமி, அடுத்த தடவை வரும்போது அதைக் கயித்துல பிடிச்சுக்கிட்டு வாங்க. கோழி குஞ்சு பொரிச்சிருக்கு" என்றார்.

மாலையில் கடைத்தெருவுக்கு நடந்து சென்று இரண்டு முழம் கயிறு வாங்கினோம்.