பாவசங்கீர்த்தனத்தின் மொழி

நம் வட்டாரத்து நூற்பாலைகளில் இந்நாள்களில் வட மாநிலத் தொழிலாளர் பலரைக் காண்கிறோம். சென்ற மாதம் ஞாயிறு திருப்பலியில் அவர்களுள் ஒருவர், நம் பாடல்களைப் பாட அறியாது, கடைசி வரிசையில் கைகூப்பி நின்றார். அவர் தம் பாவங்களை எம்மொழியில் அறிக்கையிடுவார்?

சிங்கப்பூருக்குக் கப்பலேறிய தமிழ்க் கத்தோலிக்கருக்கும் இதே இடர் நேர்ந்தது. 1870-இல் எழுந்த புனித பேதுரு, பவுல் ஆலயத்தை அவர்கள் சீனக் கிறிஸ்தவர்களோடு பகிர்ந்துகொண்டனர். பாரீசு மறைபரப்புச் சபையின் தந்தை பியேர் பாரீ இரு மந்தைகளையும் மேய்த்தார். அக்காலத்தில் பூசை இலத்தீனில்தான். அதில் தமிழருக்கும் சீனருக்கும் வேற்றுமை ஏது? பிரசங்கமும் பாவசங்கீர்த்தனமுமே தாய்மொழியை வேண்டி நின்றன. பின்னர்த் தந்தை மெனெவ்ரியேயின் முயற்சியால், ஓபீர் சாலையில் லூர்து அன்னைக்கு ஓர் ஆலயம் எழுந்தது. 1888-இல் அது தமிழருக்கெனத் திறக்கப்பட்டது. இன்றும் அங்கே தமிழ்த் திருப்பலி உண்டு. லெபனானிலிருந்து அமெரிக்கா சென்ற மரோனைத்து மக்களைத் தேடியும் அந்நூற்றாண்டின் இறுதியில் அவர்தம் குருக்களே கடல் கடந்தனர்.

கடைசி வரிசையில் நின்ற அன்பரிடம், ஊர் எதுவென்று அன்று நாம் கேட்கவில்லை. பூசை முடிந்ததும் அவர் போய்விட்டார்.