மரிய சேவியர் அடிகளுக்கு நாம் பட்ட கடன்

யாழ்ப்பாணத்தில் ஒரு கூத்து அழிவதற்குப் பெரும் போர் எதுவும் வேண்டியதில்லை. அண்ணாவியார் ஒருவர் கண்ணை மூடினால் போதும். கொப்பி பெட்டிக்குள் கிடந்து செல்லரிக்கும். மத்தளம் பரணில் ஏறும். அடுத்த தலைமுறை அக்கூத்தின் பெயரை மட்டும் அறிந்திருக்கும். எஸ்தாக்கியார், ஞானசௌந்தரி என்று கரையோரக் கிராமங்களில் விடிய விடிய ஆடப்பட்ட கூத்துகள் பலவற்றுக்கு நேர்ந்த கதி இதுவே. நாடக மன்றங்களின் கதையும் இதனின் வேறன்று. நிறுவியவரோடு பிறந்து அவரோடு மடிவதே அவற்றின் வழமை.

இவ்வழமைக்குப் பணிய மறுத்த ஒருவர் நீ. மரிய சேவியர் அடிகள். இளவாலையிற் பிறந்த அன்னார் 1965இல் திருமறைக் கலாமன்றத்தை நிறுவியபோது அவருக்கு வயது 25. 2021 ஏப்ரல் 1ஆம் நாள் அவர் மறைந்தார். அன்று பெரிய வியாழன். ஆண்டுக்காண்டு திருப்பாடுகளின் காட்சியை மேடையேற்றிய மனிதர் அந்நாளிலேயே விடைபெற்றதை எண்ணி யாழ்ப்பாணத்தில் மனம் நெகிழாதவர் சிலரே.

ஏறத்தாழ 56 ஆண்டு காலத் தலைமை! அதிலும் எத்தகைய ஆண்டுகள்! 1990இல் பொருளாதாரத் தடை குடாநாட்டை இறுக்கிற்று, மின்சாரம் இல்லை, பத்திரிகைகள் பாடசாலை மாணவரின் அப்பியாசக் கொப்பித் தாளில் அச்சேறின. அந்த ஆண்டிலேயே ‘கலைமுகம்’ என்னும் கலை இலக்கியச் சஞ்சிகையைத் தொடங்கத் துணிந்தவர் அடிகள். விளக்குக்கு மண்ணெண்ணெய் தேடி அலைந்த மக்களுக்குச் சஞ்சிகை ஒரு கேடா என்று அன்று கேட்டவர்களும் இருந்திருப்பர். அவர்கள் மீது நமக்குக் கோபமில்லை. ஆயினும் அச்சஞ்சிகை இல்லாதிருந்தால் அக்காலத்து எழுத்தில் ஒரு பகுதி நம் கையில் எஞ்சியிராது. 1995 ஒக்டோபரில் வலிகாமமே பெயர்ந்து நடந்தபோது மன்றத்தாரும் அந்த வழியிலேதான் நடந்தனர். திரும்பி வந்து மீண்டும் ஒத்திகை தொடங்கினர்.

‘அது கிறிஸ்தவர்களின் மன்றந்தானே’ என்று ஒதுங்கி நிற்பவர் நம்மிடையே உளர். திருமறையைப் பெயரிற் கொண்ட மன்றம் என்பது மெய்யே. ஆனால் அங்கே பயின்றவர்களுள் இந்துக்களும் உளர். தென்னிலங்கையிலும் அதற்குக் கிளைகள் எழுந்தன. சிங்களக் கலைஞரோடும் அது மேடையைப் பகிர்ந்தது. அரசியல்வாதிகள் மாநாடு கூட்டியும் இயலாத காரியம் இது என்பதைச் சொல்லாமலிருக்க முடியவில்லை.

அடிகளுக்குப் பொன்னாடை போர்த்தினோம். மறைந்தபின் கண்ணீர் அஞ்சலி அச்சிட்டோம். இவ்விரண்டிலும் நாம் வல்லவர்கள். நாடகத்துக்கு மட்டும் இலவச அனுமதிச் சீட்டுக் கேட்போம், அதுவும் முன்வரிசையில்! நடிகன் பகலெல்லாம் வேறு தொழில் பார்த்துவிட்டு இரவில் ஒத்திகைக்கு வருகிறான் என்பதும், ஒளிக்கும் உடைக்கும் மண்டபத்துக்கும் பணம் வேண்டும் என்பதும் நம் நினைவுக்கு வருவதில்லை.

அடிகள் விட்டுச் சென்ற மன்றம் 60 ஆண்டைத் தாண்டிவிட்டது. அதனை நடத்தும் பொறுப்பு இப்போது அவர் வளர்த்த மாணவர் தோளில் இருக்கிறது. அவர்கள் அடுத்த முறை திரை விலக்கும்போது, சீட்டுக்கு உரிய விலையைக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு நாம் போய் அமர வேண்டும்.