திரும்பி வரும் கம்பி

இந்தியாவின் முதல் மின்சார ரயில் 1925 பிப்ரவரி 3 அன்று விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு ஓடியது. தலைக்கு மேலே 1,500 வோல்ட் கம்பி ஒன்றுதான். போன மின்சாரம் திரும்ப வழி வேண்டுமே? அதற்குத் தண்டவாளம். வீடுகளில் அந்த வேலையைச் செய்வது நியூட்ரல்.

ஃபேஸ் கம்பிக்கு எல்லோரும் பயப்படுகிறார்கள். நியூட்ரலை யாரும் சட்டை செய்வதில்லை. குர்லாவில் ஒரு சால் கட்டடத்துக்கு மூன்று ஃபேஸ் வந்தால், வீடுகளை மூன்றாகப் பிரித்துக் கொடுப்பார்கள். நியூட்ரல் மட்டும் எல்லோருக்கும் பொது. அதற்கும் ஒரு ஃபேஸுக்கும் இடையே 230 வோல்ட். இரண்டு ஃபேஸ்களுக்கு இடையே 400.

மழையில் அரித்துப்போன இணைப்பில் இந்தப் பொதுக் கம்பி விட்டுப்போகிறது என்று வையுங்கள். ஒரு ஃபேஸில் 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி, இன்னொன்றில் 100 வாட் பல்பு மட்டும் ஓடுகின்றன. இப்போது 400 வோல்ட்டை இரண்டும் பங்கு போட வேண்டும். பல்பின் தலையில் 360க்கு மேல் விழும்! சிக்கனக்காரருக்குத்தான் தண்டனை, அநியாயம், ஆனால் கணக்கு அப்படி. கரண்ட் அளவு மீறாவிட்டால் ஃபியூஸும் போகாது.

நியூட்ரலில் தனியாக ஃபியூஸ் போடுவதும் இதே வம்புதான். 1956ஆம் ஆண்டு மின்சார விதிகளே அதைத் தடுத்தன. ஆனாலும் பழைய பலகைகளில் இரண்டு கம்பிக்கும் ஃபியூஸ் இருக்கும். பார்த்தால் மாற்றச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டு விளக்கு மங்கி, பக்கத்து வீட்டில் பளீரென்று எரிந்தால் இரு வீட்டு மெயின் சுவிட்சையும் உடனே அணையுங்கள். ஒயர்மேனை அப்புறம் தேடலாம்.