ஊறுகாய்ப் போத்தலில் பூஞ்சணம்: வழித்து எறிந்தால் போதுமா?



மாரி மழை தொடங்கிவிட்டால் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கத்து வீடுகளில் நான் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: “தேசிக்காய் ஊறுகாயில் பஞ்சு போலப் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. மேலே உள்ளதை வழித்து எறிந்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடலாமா?”

புளிப்பில் எந்தக் கிருமியும் வாழாது என்று நாம் நம்புகிறோம். அது பாதி உண்மைதான். புளிப்பைப் பீ.எச். என்ற எண்ணால் அளக்கிறார்கள். தூய நீருக்கு 7. எண் குறையக் குறையப் புளிப்புக் கூடும். தேசிக்காய்ச் சாறு 2க்குச் சற்று மேலே நிற்கும். உயிருக்கே ஆபத்தான நஞ்சைச் சுரக்கும் பொட்டுலினம் பற்றீரியா 4.6க்குக் கீழே வளராது. ஊறுகாய்க்குக் காவல் இந்தப் புளிப்பும் உப்பும்தான்.

பூஞ்சணமோ புளிப்பைத் தாங்கும். தாங்குவதோடு, அதை உணரவும் செய்கிறது. அதன் கலத்தின் மென்சவ்வில் வெளியே உள்ள புளிப்பை அறியும் புரதங்கள் இருக்கின்றன. புளிப்புக் குறைந்தால் அவை உள்ளே தகவல் அனுப்பும். உடனே பாக்-சி என்னும் இன்னொரு புரதம் வெட்டப்பட்டுக் கருவுக்குள் சென்று, சில பரம்பரையலகுகளை இயக்கும், சிலவற்றை நிறுத்தும். அஸ்பெர்ஜிலஸ் என்ற பூஞ்சண இனத்தில் பாக்-சியின் இந்த இரட்டை வேலையை 1995இல் விஞ்ஞானிகள் விளக்கினர்.

சில பூஞ்சணங்கள் இடத்தையே தமக்கேற்ப மாற்றிக்கொள்கின்றன. பழங்களில் கரும்புள்ளி போட்டு அழுகச் செய்யும் அந்திரக்னோஸ் பங்கசு அமோனியாவை வெளிவிட்டுப் புளிப்பைக் குறைக்கிறது. தேசிக்காயில் பச்சையாகப் படரும் பெனிசிலியமோ அமிலத்தைச் சுரந்து புளிப்பைக் கூட்டுகிறது.

ஊறுகாய்க்கு வருவோம். மேலே வளரும் பூஞ்சணம் அங்குள்ள அமிலத்தையே உணவாக்கிக்கொள்ளலாம். அப்போது அதன் அடியில் புளிப்புக் குறைந்து, அதுவரை வளர முடியாதிருந்த பற்றீரியாவுக்கு வழி திறக்கும். கண்ணுக்குத் தெரியாத இழைகளும் உள்ளே இறங்கியிருக்கும். சில பூஞ்சண நஞ்சுகள் கொதிக்க வைத்தாலும் அழியா. ஆகவே வழித்து எறிவது போதாது. முழுப் போத்தலையும் கொட்டிவிடுங்கள். கோழிக்கும் ஆட்டுக்கும்கூடப் போடாதீர்கள்.

தேசிக்காயும் உப்பும் காசு கொடுத்து வாங்கியவை. மனம் வராது என்று எனக்குத் தெரியும். ஊறுகாய், அச்சாறு போட்டு விற்றுக் குடும்பம் நடத்தும் சகோதரிகளுக்கு அது இன்னும் கஷ்டம். ஆனால் ஒரு பிள்ளை நோயில் விழுந்தால் போகும் நம்பிக்கை திரும்பி வராது. எனவே முன்கூட்டியே கவனியுங்கள்:

• போத்தலைச் சுடுநீரில் கழுவி வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள்.
• உப்பையும் புளியையும் குறைக்காதீர்கள்.
• துண்டுகள் சாற்றுக்குள் மூழ்கியிருக்கட்டும். பூஞ்சணத்துக்குக் காற்று வேண்டும்.
• ஈரக் கரண்டி போடவேண்டாம்.
• பெரிய சாடியை விடச் சிறு போத்தல்கள் நல்லது. ஒன்று கெட்டாலும் மற்றவை தப்பும்.