மார்க்ஸோடை ஒரே மயானத்திலை ஒருத்தி

ஹைகேட்டுக்கு மார்க்ஸைப் பார்க்கப் போகும் எங்கட தோழர்மாரே, அதே மயானத்தில் கிடக்கும் ஜோர்ஜ் எலியட்டை எட்டிப் பார்த்தீங்களோ?

சொந்தப் பெயர் மேரி ஆன் எவன்ஸ். மனைவி உள்ள லூயிஸோடு 1854 தொடக்கம் கலியாணம் எழுதாமல் வாழ்ந்த நாவலாசிரியை. அந்த வாழ்க்கையும் மதமின்மையும் உறுத்தியதால் 1880இல் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் இடமில்லை. 1858இல் மனைவியைப் பிரிந்த டிக்கன்ஸுக்கு 1870இல் இடம் கிடைத்தது!

1865இல் பேர்ட்டன் வரைந்த அவவின் படம் நஷனல் போர்ட்ரெயிட் கலரியின் சொத்து. அதை வேலைத்தலத்துக் குசினியில் போனில் காட்டினேன். "வடிவில்லை" எண்டாங்கள். டிக்கன்ஸின்ரை முகத்தை ஆர் அளந்தது?

பிறகு, கலியாணம் எழுதாமல் ஒருவனோடு இருக்கும் எங்கட பிள்ளை ஒண்டைப் பற்றிக் கதை. நானும் சிரிச்சனான். வெட்கமாயிருக்கு.

அபே 1980இல் நினைவுக்கல் வைத்தது. வெள்ளைக்காரனுக்கு நூறு வருசம்.

எங்களுக்கு எத்தினை?