பூக்காத சாமந்தியும் ஒரு தரவுதான்

புனேயின் ஔந்த் பகுதியில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் பால்கனியில் பதினோரு பூந்தொட்டிகள் உள்ளன. மே மாதத்தின் கடைசி வாரம் இது. இன்னும் சில நாட்களில் பருவமழை தொடங்கிவிடும். கோடை முடியுமுன் தொட்டிகளின் வரவுசெலவைப் பார்த்தேன்.

மல்லிகை வென்றது. டிசம்பரில் மனமின்றிக் கவாத்து செய்த செடி, மார்ச் முதல் நாள்தோறும் ஒரு கைப்பிடி அரும்பு தந்தது. முழு வெயிலை விரும்பும் மல்லிகை, வெட்டியபின் துளிர்க்கும் புதுக் கிளைகளில்தான் அரும்பு கட்டும். பாதி நிழலில் வைத்த கனகாம்பரமும் ஏமாற்றவில்லை. மராத்தியில் அது அபோலி. தமிழைப் போலவே அங்கும் அப்பூவின் பெயரே ஒரு நிறத்தின் பெயருமாகும்.

ரோஜாவின் இதழ்கள் ஓரம் கருகின. சாமந்தி இலையாகத் தழைத்ததேயன்றி ஒரு மொட்டும் வைக்கவில்லை. சத்துக் குறைவு என்று கருதி இருமுறை உரமிட்டேன். பிழை செடியினுடையது அன்று. சாமந்தி குறும்பகல் தாவரம். இரவு நீளும் காலத்தில்தான் மொட்டுவிடும். கோடையின் நெடும்பகலில் அதனிடம் பூவை எதிர்பார்த்தது என் அறியாமை.

ஆயினும் இப்பக்கத்தில் நான் பகிர்ந்த படங்கள் யாவும் மல்லிகையுடையவை. ஆய்விலும் நாம் இதையே செய்கிறோம். என் கள ஆய்வில் ஒரு கருதுகோள் பொருந்தவில்லை. அப்பகுதியை ஆய்வேட்டு வரைவிலிருந்து ஓசையின்றி நீக்கியிருந்தேன். இலக்கணத்திற்கு ஒவ்வாத தொடருக்கு நட்சத்திரக் குறியிட்டு அதனையும் சான்றாகக் கொள்ளும் துறை நம்முடையது. ஒவ்வாத கருதுகோளுக்கு மட்டும் ஏன் அந்த இடமில்லை?

உதவித்தொகைக்கும் கால வரம்புக்கும் இடையே தோல்வியை எழுத யாருக்கு நேரம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நாம் எழுதாவிட்டால், அடுத்து வரும் மாணவர் அதே செடிக்கு மூன்றாம் முறை உரமிடுவார்.

பூவின் பருவங்களை அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர் என்று எண்ணிய தமிழ், அலரோடு நின்றுவிடவில்லை. உதிர்வதை வீ என்றும், வாடியதைச் செம்மல் என்றும் பெயரிட்டு அவற்றையும் வரிசையில் வைத்தது.

நீக்கிய பகுதியை இன்று பின்னிணைப்பாக மீண்டும் சேர்த்துவிட்டேன். நெறியாளர் என்ன சொல்வாரோ, அறியேன். சாமந்தித் தொட்டியையும் அகற்றவில்லை. கார்த்திகை வரை காத்திருப்பேன்.